சீட்டில் இல்லாத கேள்வி

மருத்துவர் பேசி முடித்ததும் ஓர் அமைதி வரும் பாருங்கள், அதற்குப் பயந்துதான் இதெல்லாம் ஆரம்பித்தது.

ஆஸ்பத்திரியின் தரைத்தளத்தில் ஒரு கூடம் உண்டு. மாதம் ஒரு சனிக்கிழமை காலை அங்கே பொதுமக்களுக்கு மருத்துவக் கருத்தரங்கு. அனுமதி இலவசம். ஒரு மாதம் இருதயம், ஒரு மாதம் கண், ஒரு மாதம் சிறுநீரகம் என்று துறைக்கு ஒரு நிபுணர் மேடையேறுவார். திரையில் படம் ஓடும். கொழுப்பு அடைத்த ரத்தக்குழாயைப் பார்த்து முன்வரிசை முகம் சுளிக்கும். எல்லாம் நன்றாகவே போகும், "இப்ப நீங்க கேள்வி கேக்கலாம்" என்று சொல்கிற வரைக்கும். அதைச் சொன்னதும் கூடமே கல்லாகிவிடும். கேள்வி இல்லாமல் இல்லை. கேள்வியோடுதான் எல்லோரும் வந்திருப்பார்கள். ஆனால் பக்கத்து வீட்டுக்காரரை வைத்துக்கொண்டு, மைக்கில், தன் மலச்சிக்கலைப் பற்றி யார் முதலில் வாய் திறப்பது?

கருத்தரங்கை நடத்தும் பொறுப்பு மக்கள் தொடர்பு அலுவலகத்தில் இருந்த ஒரு பெண்ணுக்கு. அவள் ஏற்பாடு செய்த முதல் கூட்டத்தில் இருதய நிபுணர் கேள்விக்காகக் காத்து நின்றார். கண்ணாடியைத் துடைத்தார். தண்ணீர் குடித்தார். மறுபடியும் கண்ணாடியைத் துடைத்தார். அவள் வேலைக்குச் சேர்ந்த புதிது. ஓரத்தில் நின்றவளுக்கு வியர்த்துக் கொட்டியது. பின்வரிசையிலிருந்து அவள் முகத்தைப் பார்த்த ஒருவர் பொறுக்கமாட்டாமல் கையைத் தூக்கிவிட்டார். அவளுடைய அக்காள் கணவர். நாற்காலி காலியாக இருக்கக் கூடாதென்று அவள் வீட்டு ஆட்களை இழுத்துவந்திருந்தாள். அதில் வந்து மாட்டியவர்.

"டாக்டர், எனக்கு ரெண்டு மாடி ஏறினாலே மூச்சு வாங்குது. இது வயசா, வியாதியா?"

அன்று காலைதான் தன் வீட்டுக்கு மூன்று மாடி தண்ணீர்க் கேனைத் தோளில் வைத்து ஏற்றியவர் அவர். டாக்டர் முகம் மலர்ந்து, "ரெண்டும் இல்லாம சோம்பலாவும் இருக்கலாம்" என்றார். கூடம் சிரித்தது. சிரித்த பிறகு ஒன்றன்பின் ஒன்றாகக் கைகள் மேலே போயின.

அதற்கப்புறம் அது வழக்கமாகிவிட்டது. கூட்டத்துக்கு முந்தின நாள் மச்சினி ஒரு துண்டுச் சீட்டில் கேள்வி எழுதிக் கொடுப்பாள். கூட்டத்தில் அவர் எழுந்து கேட்பார். இதை யாரும் ஏமாற்று என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. கிணற்றில் முதலில் யாராவது குதித்தால்தான் மற்றவர்களுக்குக் கால் நனைக்கத் தைரியம் வரும், அவ்வளவுதான். மேடைக்கு வரும் டாக்டர்களுக்கு விஷயம் தெரியாது. அவர் மனைவிக்குத் தெரியும். மைக் கொடுக்கிறவருக்குத் தெரியும். அவருக்கு "முதல் கேள்வி" என்று பேர் வைத்ததே அந்த மைக்காரர்தான். "என்ன முதல் கேள்வி, இன்னிக்கு என்ன வியாதி?" என்பார் வாசலிலேயே.

"இன்னிக்கு முழங்கால். படியிறங்கும்போது ரொம்பப் பார்க்காதீங்க, நான் நொண்டணும்."

கண் டாக்டருக்காக அவர் விளக்கைச் சுற்றி வளையம் பார்த்தார். சிறுநீரக டாக்டருக்காகக் கால் வீங்கினார். தோல் டாக்டர் வந்த மாதம் மேடையைப் பார்த்தபடியே சொறிந்துகொண்டிருந்தார். அதைப் பார்த்துப் பக்கத்தில் இருந்தவருக்கும் அரிக்கத் தொடங்கிவிட்டது. கருத்தரங்குக்குத் தவறாமல் வரும் ஒரு ஓய்வு பெற்ற தபால்காரர், கடைத்தெருவில் அவர் மனைவியைப் பார்த்து, "உங்க வீட்டுக்காரர் இன்னும் நடமாடுறாரேம்மா, பெரிய விஷயம்" என்று கண்கலங்கியிருக்கிறார்.

"உங்களுக்கு இல்லாத வியாதி இன்னும் எது பாக்கி?" என்று மனைவி கேட்டாள்.

"பிரசவம்தான்" என்றார் அவர்.

தொழில் என்று பார்த்தால் அவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியின் சின்ன வெள்ளைக் கார். கற்றுக்கொள்பவர் ஒரு பக்கம், அவர் மறுபக்கம். அவர் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கும். அதை அவர் மிதித்ததே தெரியாத மாதிரி மிதிப்பார். எதிரே லாரி வந்தாலும் குரல் ஏறாது. "பரவாயில்ல, அவங்க போகட்டும், நாம பொறுமையா போவோம்" என்பார், தங்கள் கார் நடுரோட்டில் குறுக்காக நின்றுகொண்டிருக்கும்போதுகூட. பயம் இல்லாமல் இல்லை. வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொல்வார்: "இன்னிக்கு ஒரு அம்மா என்னை நேரா பஸ்ஸுக்குள்ள கொண்டுபோயிட்டாங்க. நான் பயந்தது தெரிஞ்சா ஸ்டீயரிங்கை விட்டுடுவாங்க. அதான் சிரிச்சுக்கிட்டே இருந்தேன்." பல வருஷமாக அந்த இருக்கையில் உட்கார்ந்து சிரித்துச் சிரித்து, முகத்துக்கு வேறு எதுவும் செய்யத் தெரியாமல் போய்விட்டது என்று தோன்றுகிறது.

அந்த மனிதருக்குத்தான் சாப்பாடு நெஞ்சில் நிற்க ஆரம்பித்தது.

முதலில் ரொட்டி. அவசரமாகத் தின்றதால் இருக்கும் என்று ஒரு வாய் தண்ணீர் விட்டுத் தள்ளினார். அப்புறம் கறித்துண்டு. அதற்கப்புறம் தண்ணீர் விட்டும் கொஞ்ச நேரம் அசையாமல், மூச்சைப் பிடித்துக்கொண்டு, அது இறங்குகிறதா என்று காத்திருக்க வேண்டிவந்தது. மதியச் சாப்பாட்டைக் காரிலேயே சாப்பிடுகிறவர், டப்பாவைத் திறக்காமலே திருப்பிக் கொண்டுவந்தார். வீட்டுக்குள் நுழையும் முன், தெருமுனையில் ஒரு நாய்க்குப் போட்டுவிட்டு வெறும் டப்பாவோடு மாடியேறினார். மனைவி ஒரு குழந்தைகள் காப்பகத்தில் வேலை பார்த்துவிட்டுக் களைத்து வருபவள். "நீ முதல்ல சாப்பிடு, எனக்குப் பசியில்ல, அப்புறம் பார்த்துக்கிறேன்" என்பார். அவள் படுக்கப் போன பிறகு ரொட்டியைப் பாலில் ஊறவைத்துக் கரைத்துக் குடிப்பார். படுத்தால் அதுவும் எதுக்களித்து வந்தது. கழுத்து வலி என்று சொல்லி இன்னொரு தலையணை கேட்டு வாங்கிக்கொண்டார்.

இரண்டு பேரிடம் சொல்லியிருக்கலாம். ஒருத்தி ஒரே வீட்டில் இருக்கிறாள், இன்னொருத்தி ஆஸ்பத்திரியிலேயே வேலை பார்க்கிறாள். சொல்லவில்லை. சொன்னால் அது உண்மையாகிவிடும். இல்லாத வியாதிகளை ஊரறியக் கேட்டவருக்கு, இருக்கிற ஒன்றைச் சொல்ல நாக்கு வரவில்லை.

அப்படியிருக்க, ஆஸ்பத்திரி வாசலில் அடுத்த கருத்தரங்கின் விளம்பரப் பலகை வந்தது: "நெஞ்செரிச்சல் – அலட்சியம் வேண்டாம்." குடல் நோய் நிபுணர் பேசுகிறார். பயிற்சிக் காரை ஓரமாக நிறுத்தச் சொல்லி அதை இரண்டு முறை படித்தார். ஓட்டிக்கொண்டிருந்த பையனிடம், "இங்க நிறுத்தக் கூடாது, இருந்தாலும் எப்படி நிறுத்துறதுன்னு பழகிக்க" என்று சமாளித்தார். அன்றே முடிவு செய்துவிட்டார். எல்லோர் முன்னாலும், யாருக்கும் தெரியாமல் கேட்டுவிடலாம். முதல் கேள்வி எப்போதும் பொய் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியுமே.

குடல் டாக்டர் ஒரு இளம்பெண். ஆஸ்பத்திரிக்குப் புதியவர்.  திரையைப் பார்த்து வாசித்தார், கூட்டத்தைப் பார்க்கவே இல்லை. பின்னால் நின்ற மச்சினி நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். டாக்டர் புதியவர் என்பதற்காகவே லேசான கேள்வியாக எழுதிக் கொடுத்திருந்தாள்: "காரம் சாப்பிட்டால் நெஞ்செரிகிறது. தினமும் மாத்திரை போடலாமா?" டாக்டர் கண்ணை மூடிக்கொண்டு பதில் சொல்லிவிடலாம்.

"உங்களுக்கு ஏதாவது சந்தேகம் இருந்தா…" என்றார் டாக்டர், தரையைப் பார்த்து.

அவர் எழுந்தார். மைக்காரர் கண்ணடித்து மைக்கைக் கொடுத்தார். சீட்டு சட்டைப் பையிலேயே இருந்தது.

"டாக்டர், எனக்குச் சாப்பாடு இங்க நிக்குது." நெஞ்சின் நடுவில் விரலை வைத்தார்.

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். "எப்ப இருந்து?"

"மழை தொடங்கறதுக்கு முன்னாடி இருந்து."

"எது நிக்குது? கெட்டியானது மட்டுமா, தண்ணியுமா?"

"முதல்ல கெட்டியானது. இப்ப எதையும் கரைச்சுக் குடிச்சாத்தான் போகுது. தண்ணி போகுது. மெதுவா."

"உடம்பு இளைச்சிருக்கா?"

"பெல்ட்டுல புதுசா ஓட்டை போட்டேன். அதுக்கு அப்புறம் இன்னொண்ணு."

"தூக்கம்?"

"படுத்தா மேல வருது. ரெண்டு தலகாணி வெச்சுச் சாஞ்சுக்கிட்டுத்தான். வீட்டுல கழுத்து வலின்னு சொல்லியிருக்கேன்."

இதற்குக் கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள். டாக்டர் சிரிக்கவில்லை. தரையைப் பார்த்துப் பேசிய கூச்சம் எங்கே போனதென்று தெரியவில்லை. மேடையின் விளிம்புக்கே வந்துவிட்டார். கூடம் மறைந்து அங்கே ஒரு மேசையும் இரண்டு நாற்காலியும் மட்டும் இருப்பது போலப் பேசினார்.

"அப்ப வீட்டுல யாருக்கும் தெரியாதா?"

"தெரியாது."

"இங்க பாருங்க, இது நெஞ்செரிச்சல் இல்ல. பழைய புண் ஆறி, அந்த இடம் சுருங்கியிருக்கலாம். உணவுக்குழாய்ல புற்றுநோயாவும் இருக்கலாம். உள்ள குழாய் விட்டுப் பார்க்காம நான் மட்டுமில்ல, யாராலயும் சொல்ல முடியாது. தள்ளிப்போடக் கூடாது. கூட்டம் முடிஞ்சதும் போயிடாதீங்க, என்னை வந்து பாருங்க."

அவர் "நன்றி டாக்டர்" என்று உட்கார்ந்தார். மைக் திரும்பிப் போயிற்று. வழக்கமாக அப்போது கைகள் உயரும். அன்று ஒரு கைகூட உயரவில்லை. புற்றுநோய் என்ற சொல் கூடத்தில் எல்லோர் மடியிலும் உட்கார்ந்துவிட்டது. தபால்காரர் மட்டும் தலையை ஆட்டி, "சொன்னேனே" என்று யாரிடமோ முணுமுணுத்தார்.

தேநீர் மேசைக்கருகே மச்சினி அவரை மடக்கினாள். சிரித்த முகம், பல்லைக் கடித்த குரல்.

"அத்தான், என்ன இது? சீட்டுல என்ன எழுதிக் குடுத்தேன், நீங்க என்ன கேட்டீங்க?"

"ஒரே மாதிரி கேட்டா அலுத்துப் போகுதுல்ல."

"அலுத்துப் போகுதாம்! கூட்டமே பயந்து எழுந்து போயிடுச்சு. தலகாணி, பெல்ட்டு, அடேயப்பா. எங்க படிச்சீங்க இதெல்லாம்?"

அவர் பதில் யோசிப்பதற்குள் டாக்டரே நேராக அவர்களைத் தேடி வந்துவிட்டார். கையில் தேநீர்கூட எடுக்கவில்லை. "சார், திங்கக்கிழமை காலையில வெறும் வயித்தோட வந்துடுங்க. நானே பார்க்கிறேன். கூட யாரையாவது கூட்டிட்டு வாங்க."

மச்சினிக்குச் சங்கடமாகிவிட்டது. புது டாக்டர், நல்ல மனசு. இல்லாத நோயாளிக்காகத் திங்கட்கிழமை இடம் ஒதுக்கிவிட்டுக் காத்திருக்கப் போகிறார். அவள் டாக்டரை ஓரடி தள்ளி அழைத்துப்போய்க் குரலைத் தாழ்த்தினாள். தாழ்த்தினாலும் அவருக்குக் கேட்டது.

"டாக்டர், தப்பா நினைச்சுக்காதீங்க. அவர் எங்க அத்தான். முதல் கேள்வி கேக்கறதுக்காக நாங்களே ஏற்பாடு செஞ்சது. கூட்டத்துக்குக் கூச்சம் போகணும்னு… அவருக்கு ஒண்ணுமில்ல."

டாக்டரின் முகத்தில் என்னென்னவோ வந்து போயின. வெட்கம், கொஞ்சம் கோபம், கடைசியில் ஒரு சிரிப்பு. அவரைத் திரும்பிப் பார்த்து, "அப்படியா? நிஜமாவே ஒண்ணுமில்லையே?" என்று கேட்டார்.

வாசல் திறந்துதான் இருந்தது. ஒரு சொல் போதும். அவர் எப்போதும் சிரிக்கிற சிரிப்பைச் சிரித்தார்.

"ஒண்ணுமில்ல டாக்டர். சும்மா."

"நல்லா பயமுறுத்திட்டீங்க" என்று சொல்லிவிட்டு டாக்டர் தேநீர் எடுக்கப் போனார். மச்சினி தட்டிலிருந்து ஒரு பிஸ்கட்டை எடுத்து அவர் கையில் திணித்தாள். அவர் அதைச் சீட்டு இருந்த பையிலேயே போட்டுக்கொண்டார்.

அன்று பிற்பகல், நாற்காலிகளையெல்லாம் அடுக்கி முடித்த பிறகு, மச்சினி தன் அக்காளுக்குப் போன் போட்டாள். திட்டவும் வேண்டும், சிரிக்கவும் வேண்டும்; இரண்டுக்கும் அக்காள்தான் ஆள்.

"அக்கா, உன் வீட்டுக்காரருக்கு இன்னிக்கு விருது குடுக்கணும். டாக்டரையே அழ வெச்சிருப்பார்."

"என்ன வியாதியாம் இன்னிக்கு?"

"சாப்பாடு நெஞ்சில நிக்குதாம். கரைச்சுக் குடிச்சாத்தான் போகுதாம். பெல்ட்டுல ரெண்டு ஓட்டையாம். கேளு, இதைக் கேளு, ரெண்டு தலகாணி வெச்சுத் தூங்குறாராம், பொண்டாட்டிகிட்ட கழுத்து வலின்னு பொய் சொல்லியிருக்காராம்! நான் ரெண்டு வரி எழுதிக் குடுத்தா இவர் நாடகமே எழுதிட்டார்க்கா."

அந்தப் பக்கம் சத்தமே இல்லை.

"அக்கா? லைன்ல இருக்கியா?"

"தலகாணி விஷயம் உனக்கு யாரு சொன்னா?"

"அவர்தான். மைக்ல."

"இல்லடி. நெஜமாவே ரெண்டு தலகாணி வெச்சுத்தான் படுக்கிறார். கழுத்து வலின்னு."

தங்கை உட்காரத் தேடினாள். எல்லா நாற்காலியையும் அடுக்கியாகிவிட்டது. சுவரில் சாய்ந்துகொண்டாள். ஒருத்திக்கு வீட்டில் நடப்பது தெரியும், அதன் பெயர் தெரியாது. இன்னொருத்தி பெயரைக் கேட்டாள், அதைப் பொய் என்று நினைத்தாள். இரண்டும் இப்போதுதான் ஒரே போனில் சந்தித்தன.

"நான் அந்த டாக்டர்கிட்ட…" என்று ஆரம்பித்தாள். 

"நீ வீட்டுக்கு வா" என்றாள் அக்காள். "அவருக்கு எதுவும் சொல்லாத."

அவள் போய்ச் சேர்ந்தபோது அவர் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருந்தார். உட்கார வைக்கப்பட்டிருந்தார் என்பதுதான் சரி. முன்னால் ஒரு தட்டு. அதில் ரொட்டியும் வேகவைத்த முட்டையும். எதிரே மனைவி, கையைக் கட்டிக்கொண்டு.

"வாம்மா மேடம்" என்றார் அவர் மச்சினியைப் பார்த்து. "உங்க அக்கா என்னைப் பரீட்சைக்கு உட்கார வெச்சிருக்காங்க. நீயும் மேற்பார்வைக்கு வந்தியா?"

 மனைவி தட்டை ஒரு விரலால் அவர் பக்கம் தள்ளினாள்.

"ஒரு வாய். என் கண்ணு முன்னாடி."

"பசிக்கலம்மா."

"பசிக்க வேண்டாம். சும்மா ஒரு வாய்."

"இதென்ன அடம்? நான் சொன்னது எல்லாம் இவ எழுதிக் குடுத்த சீட்டுல இருந்ததுதானே. கேளு அவளை."

"இல்ல அத்தான்" என்றாள் மச்சினி. "அது எதுவும் சீட்டுல இல்ல."

அவர் அவளைப் பார்த்தார். அப்புறம் தட்டைப் பார்த்தார். ரொட்டியில் ஒரு விளிம்பைக் கிள்ளி வாயில் போட்டார். குழந்தைகூட அதைவிடப் பெரிதாகக் கிள்ளும். மென்றார். ரொம்ப நேரம் மென்றார். விழுங்கினார். "பார்த்தியா?" என்பது போலப் புருவத்தைத் தூக்கினார். மனைவி அசையவில்லை. அவருடைய தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். புருவம் தூக்கிய முகம் மெல்ல மெல்ல மாறியது. தோள் உயர்ந்தது. ஒரு கை மேசையின் விளிம்பைப் பிடித்தது. தண்ணீர்க் குவளைக்காக மற்றக் கை துழாவியது. அவள் அதை எடுத்துக் கொடுத்தாள். குடித்த தண்ணீரும் இறங்கவில்லை. நாற்காலி பின்னால் சாய்ந்து விழ, எழுந்து குளியலறைக்கு ஓடினார்.

உள்ளே அவர் ஓங்கரிக்கும் சத்தம் கேட்டது. அக்காளும் தங்கையும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தார். கண் சிவந்திருந்தது. விழுந்த நாற்காலியை நிமிர்த்தி, அதில் உட்காராமல் அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"புண்ணு ஆறின சுருக்கமாவும் இருக்கலாம்னு டாக்டர் சொன்னாங்க" என்றார். "முதல்ல அதைத்தான் சொன்னாங்க."

"இன்னொண்ணும் சொன்னாங்க" என்றாள் மச்சினி.

"அது ரெண்டாவதா சொன்னது."

மனைவிக்கு அப்போதுதான் அழுகை வந்தது. அழுதுகொண்டே கத்தினாள். "ஊருக்கெல்லாம் சொல்லத் தெரியுது, மைக்கைப் பிடிச்சுச் சொல்லத் தெரியுது, பக்கத்துல படுத்திருக்கிறவகிட்ட சொல்ல வாய் வரல! நான் யாரு உங்களுக்கு, கடைசி வரிசையா?"

"உன்கிட்ட சொன்னா நீ பயந்துடுவே."

"பயப்படத்தான் நான் இருக்கேன்! வேற எதுக்கு இருக்கேன்?"

 "எனக்குத்தான் பயம்" என்றார் அவர். குரல் ஏறவில்லை, இறங்கவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னார். ஆனால் அந்த வீட்டில் யாரும் அதற்கு முன் அவர் வாயிலிருந்து அதைக் கேட்டதில்லை.

மச்சினி வெளியே மாடிப்படிக்குப் போய் டாக்டருக்குப் போன் செய்தாள். எப்படி ஆரம்பிப்பது என்று இரண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டாள். பொய் என்று சொன்னது தவறு, அது நிஜம் என்று சொன்னால், இந்தப் பெண்ணுக்கு என்ன பைத்தியமா என்று தோன்றாதா? முதல் கேள்வி ஏற்பாடு நிர்வாகத்துக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்ற எண்ணமும் ஒரு மூலையில் வந்தது. வந்ததற்காகத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

"டாக்டர், இன்னிக்குக் கூட்டத்துல முதல்ல கேட்டாரே… அவருக்கு நிஜமாவே இருக்கு. எனக்குத் தெரியாது. நான் தெரியாம உங்ககிட்ட அப்படிச் சொல்லிட்டேன்."



"எனக்கும் தோணிச்சு" என்றார் டாக்டர். "எழுதிக் குடுத்ததைச் சொல்றவர், குறுக்கே கேள்வி கேட்டா தடுமாறணும். அவர் தடுமாறவே இல்ல. ஆனா நீங்க சொன்னீங்க, அவரும் ஆமான்னார். நான் விட்டுட்டேன். விட்டிருக்கக் கூடாது. திங்கக்கிழமை நான் சொன்ன நேரம் அப்படியேதான் இருக்கு. கூட்டிட்டு வாங்க."

அந்தப் பழி, மறைத்தவர், மறுத்துச் சொன்னவள், விட்டுவிட்ட டாக்டர் என்று மூன்று பேருக்கும் பங்கானதில் யாருக்கும் பாரம் குறையவில்லை.

திங்கட்கிழமை. டாக்டரின் அறை சின்னது. ஒரு மேசை, ஒரு படுக்கை, சுவரில் குடலின் படம். டாக்டர் கருத்தரங்கைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. புதிதாகப் பார்ப்பவரைப் போல, "சொல்லுங்க, என்ன தொந்தரவு?" என்றார்.

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "டாக்டர், பொதுவா இந்த மாதிரி ஒருத்தருக்குச் சாப்பாடு நிக்குதுன்னு வெச்சுக்குங்க…"

"ஒருத்தருக்குன்னா, யாருக்கு?"

மனைவி அவர் பக்கம் திரும்பவில்லை. மச்சினி வாசற்படியில் நின்றாள். இருவரில் யாரும் எடுத்துக் கொடுக்கவில்லை.

"எனக்கு" என்றார்.

குழாய் விட்டுப் பார்த்தார்கள். தொண்டையை மரத்துப்போகச் செய்து, பக்கவாட்டில் படுக்க வைத்து. வெளியே பெஞ்சில் அக்காளும் தங்கையும் உட்கார்ந்திருந்தார்கள். எதிர்ச் சுவரில் அடுத்த மாதக் கருத்தரங்கின் விளம்பரம் ஒட்டியிருந்தது, எலும்புத் தேய்மானம். அக்காள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். தங்கை எழுந்து போய் அதன் முன்னால் நின்று மறைத்துக்கொண்டாள்.

டாக்டர் வெளியே வந்து, கைக்கெட்டும் தூரத்தில் உட்கார்ந்து சொன்னார். உணவுக்குழாயின் கீழ்ப்பகுதியில் ஒரு வளர்ச்சி. குழாய் அதைத் தாண்டிச் சிரமப்பட்டுத்தான் போனது. சின்னத் துண்டு எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறது. முடிவு வர வேண்டும்.

"பார்த்தா எப்படி இருக்கு டாக்டர்?" என்றாள் மனைவி.

"பார்த்த வரைக்கும் நல்லா இல்ல."

முடிவும் அதைத்தான் சொன்னது. அடுத்து, அது அங்கேயே நிற்கிறதா, வேறெங்கும் போயிருக்கிறதா என்று பார்க்க ஸ்கேன். அதைப் பொறுத்துத்தான் அறுவை சிகிச்சையா, மருந்தா, இரண்டுமா என்பது.

முடிவு வந்த அன்று டாக்டர் அறையில் அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். அதற்குக் கையைத் தூக்கவில்லை, எழுந்து நிற்கவும் இல்லை. மேசையின் மேலிருந்த காகிதக் கனத்தை நகர்த்திக்கொண்டே கேட்டார்.

"ரொட்டி முதல்ல நின்னுச்சே, அப்பவே வந்திருந்தா?"

டாக்டர் பேனாவை மூடினார். "அதுக்கு எனக்குப் பதில் தெரியாது. தெரிஞ்சாலும் இப்ப அது உங்களுக்கு உதவாது. ஸ்கேன் வரட்டும், அதுல இருந்து பேசுவோம்."

அவர் மனைவியைப் பார்த்தார்.

"நான் அதைக் கேக்கப்போறதில்ல" என்றாள் அவள். "நீங்களும் கேக்காதீங்க. முடிஞ்சா." சொன்னாளே தவிர, அவள் அதைத் தினமும் தனக்குள் கேட்டுக்கொண்டிருந்தாள் என்று தங்கைக்குத் தெரியும். தங்கையும் அவள் பங்கைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். பிஸ்கட்டைக் கையில் திணித்தது அவளுக்கு மறக்கவே இல்லை.

ஸ்கேன் பகுதியில் காத்திருப்பவர்கள் அறை குளிராக இருந்தது. பின்னால் முடிச்சுப் போடும் பச்சை அங்கியில் அவர் பாதியாகத் தெரிந்தார். செவிலி ஒரு பெரிய பாட்டிலைக் கொண்டுவந்து வைத்தார். தண்ணீர் போலத்தான் இருந்தது, லேசாகக் கலங்கல். கூப்பிடுவதற்குள் இதை முழுக்கக் குடித்துவிட வேண்டும், அப்போதுதான் உள்ளே இருப்பது படத்தில் தெளிவாகத் தெரியும் என்றார்.

"முழுக்கவா?" என்றார் அவர்.

"முழுக்க."

பாட்டிலைப் பார்த்தார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த யாரோ ஒருவர் அதே பாட்டிலை அண்ணாந்து மடமடவென்று குடித்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டார்.

மச்சினி எழுந்து செவிலியிடம் போனாள். அவருக்கு விழுங்கச் சிரமம், கூட நேரம் வேண்டும், அவருக்குப் பின்னால் இருப்பவரை முதலில் கூப்பிட முடியுமா என்று கேட்டாள். செவிலி வரிசையை மாற்றக் கூடாது என்றார். அவள் விடவில்லை. அந்த ஆஸ்பத்திரியில் அவள் யாரிடமும் அப்படிச் சத்தம் போட்டதில்லை.

மனைவி குவளையில் கொஞ்சமாக ஊற்றிக் கொடுத்தாள். அவர் வாங்கி ஒரு வாய் குடித்தார். நெஞ்சின் நடுவில் கையை வைத்துக்கொண்டு கண்ணை மூடினார்.

"போச்சா?"

அவர் உடனே தலையாட்டவில்லை. வழக்கமாக ஆட்டிவிடுவார். காத்திருந்தார். அவளும் காத்திருந்தாள்.

"இன்னும் இல்ல" என்றார். "இரு… நிக்குது. வலிக்குதும்மா."

அவள் குவளையைக் கீழே வைத்துவிட்டு அவர் முதுகில் கையை வைத்துக்கொண்டாள். பாட்டிலில் இன்னும் நிறைய இருந்தது.